ஆணி இல்லாத வீடு

அந்த வீட்டுச் சுவர்களில் ஒரு ஆணி கிடையாது. காலண்டர் அலமாரிமேல் சாய்ந்திருக்கும். கடிகாரம் மேஜையில் நிற்கும். கழற்றிய சட்டை நாற்காலி முதுகில் கிடக்கும். இரண்டு மகள்களின் கல்யாணப் படங்கள்கூடத் தரையில் சுவரோடு ஒட்டி நின்றன. பெருக்கும்போதெல்லாம் வீட்டுக்காரனின் மனைவி அவற்றைத் தூக்கித் தூக்கி வைப்பாள்.

இத்தனைக்கும் வீட்டுக்காரன் ஆணியடித்தே சோறு தின்றவன். குதிரைப்படையில் எங்கள் பிரிவுக்கு லாடம் கட்டியவன். அதனால் அவனுக்கு லாடம் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நான் டிரம்பெட் ஊதுகிறவன், ஆகவே பீப்பி. மூன்றாவது ஆள் சீட்டி. அவன் இரண்டு தட்டாக ஒரு சீட்டி அடித்தால் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அவன் குதிரை ஓடி வரும். இது என்னைப் பற்றிய கதை இல்லை, லாடத்தைப் பற்றியது. அப்படி நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் மூவருக்கும் அப்போது இருபத்திரண்டு வயசுக்குள். கடல் தாண்டி ஒரு நாட்டுக்கு எங்களை அனுப்பினார்கள். அங்கே இரண்டு பக்கத்தாரும் சண்டையை நிறுத்திக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். நடுவில் கல்லும் மலையுமாக ஒரு பட்டை நிலம். ஜீப் ஏறாது. இந்தப் பக்கத்தான் அந்தப் பக்கம் தாண்டவில்லை என்று தினமும் குதிரையில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு வருஷம் பார்த்தோம். ஒருத்தனும் தாண்டவில்லை. துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்தே கை காய்த்தது. நாங்கள் பார்த்த பெரிய சண்டை, போர்வைக்காக எனக்கும் சமையல்காரனுக்கும் நடந்ததுதான்.

நாற்பத்திரண்டு குதிரைகள். சீட்டியின் குதிரை செம்பழுப்பு நிறம். மூக்குத் துவாரத்தின் பக்கத்தில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அதனால் மூக்குத்தி. சீட்டியின் அம்மா இறந்த தந்தி, அடக்கம் முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் முகாமுக்கு வந்தது. லீவு கிடைக்கவில்லை. அன்று முழுக்க அவன் லாயத்தில் மூக்குத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். அது தீனித் தொட்டிப் பக்கம்கூடத் திரும்பாமல் அவனோடு நின்றது. நாங்கள் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். இருபத்தொரு வயசில் ஆறுதல் சொல்ல யாருக்குத் தெரியும்?

பணி முடிந்து கப்பல் ஏறினோம், பிரிந்தோம். நான் டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டினேன். சீட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் ஆனான். லாடம் பஸ் டெப்போவில் டயர் மாட்டும் வேலைக்குப் போனான். "குதிரைக்குப் போட்டதை இப்போ பஸ்ஸுக்குப் போடறேன், பஸ் உதைக்காது, அதான் வித்தியாசம்" என்பான். டயரில் ஆணி குத்தி வரும் வண்டிகளை மட்டும் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவானாம். இதை அவன் கூட வேலை பார்த்தவன் பிற்பாடு என்னிடம் சொன்னான்.

நாங்கள் மறுபடி சந்தித்தது பென்ஷன் ஆபீசில். வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய், சாகவில்லை என்று காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் போனில் பேசிக்கொண்டே இருந்தாள். பொறுத்துப் பார்த்த யாரோ ஒரு ஆள் கடைசி வரிசையிலிருந்து சீட்டியடித்தான், இரண்டு தட்டு. எனக்கு முன்னால் இருந்த வழுக்கைத் தலை சடாரென்று திரும்பியது. நானும் திரும்பினேன். நாற்பத்து மூன்று வருஷம் கழித்து மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கட்டிப்பிடித்த வேகத்தில் சீட்டியின் மூக்குக் கண்ணாடி விழுந்து உடைந்தது. அந்தப் பெண்கூடப் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை லாடத்தின் வீட்டில் கூடுவோம். அவன் மனைவி டீ போட்டு வைத்துவிட்டு, "ஆரம்பிச்சாச்சா குதிரைப் புராணம்" என்று உள்ளே போய்விடுவாள். என்னை அண்ணா என்பாள். நாங்கள் பேசியது எல்லாம் பழைய கதைதான். ஒரே கதையை மாசா மாசம் சொல்வோம். யாரும் யாரையும் நிறுத்துவதில்லை.

என் பங்குக்கு ஒரு கதை வைத்திருந்தேன். முகாமைக் காலி செய்கிற கடைசி வாரம். மத்தியானம் மூன்று மணி. எல்லோருக்கும் ஊருக்குப் போகிற குஷி. குதிரைகளுக்குத் தீனி வைக்கிற நேரத்துக்கு ஒரு தனி ஊதல் உண்டு. அதைக் கேட்டால் தூங்குகிற குதிரையும் துள்ளி எழும். நான் நல்ல பிள்ளையாக லாயத்துக்குப் பின்பக்கமாகப் போய், நேரம் கெட்ட நேரத்தில் அந்த ஊதலை ஊதினேன். நாற்பத்திரண்டும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, காலை உதைத்து, கட்டிய கயிற்றை இழுத்து ஒரே களேபரம். நம்ம லாடம் ஒரு குதிரையின் காலை மடக்கி முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அது இழுத்த இழுப்பில் பொத்தென்று பின்பக்கமாக விழுந்தான், வாயில் வைத்திருந்த ஆணிகள் நாலா பக்கமும் சிதற! இந்த இடத்தில் நான் நாற்காலியிலிருந்து விழுந்தே காட்டுவேன். சீட்டி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பான். லாடமும் சிரிப்பான். "இவனை அன்னிக்கே மிதிச்சிருக்கணும்" என்பான்.

சீட்டியின் கதை மூக்குத்தி. குதிரைகளைத் திரும்பக் கொண்டுவர அனுமதி இல்லை. நோய் நொடி இல்லாதவற்றை அங்கேயே பண்ணைக்காரர்களுக்குக் கொடுத்துவிட உத்தரவு. கிழடும் நொண்டியும் சுடப்படும். மூக்குத்தி கொடுக்கிற பட்டியலில் இருந்தாள். சாமான் ஏற்ற முன்கூட்டியே துறைமுகத்துக்குப் போன குழுவில் சீட்டி இருந்தான். கிளம்பும்போது லாடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்குப் புது லாடம் போட்டு அனுப்புடா, புது இடத்துக்குப் போறா" என்றானாம். அதற்கு மறுநாள் நானும் கேப்டனோடு கிளம்பிவிட்டேன். கடைசியாக வந்து சேர்ந்தவன் லாடம். கப்பல் படியில் வைத்துச் சீட்டியிடம் சொன்னான்: ஓடைக்குப் பக்கத்தில் பண்ணை, நல்ல மனுஷன், தடவிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனான் என்று. சீட்டி இதை ஒவ்வொரு மாதமும் ஓடையின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். அந்த நேரம் பார்த்து லாடத்துக்குக் குழாயைச் சரியாக மூடினோமா என்று சந்தேகம் வந்துவிடும். எழுந்து உள்ளே போவான். எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் அடுத்தவர் பேச்சைக் கேட்ட காது இது. என்ன பிரயோஜனம்?

போன வருஷம் ஒரு ஞாயிறு, சீட்டி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான். கையில் ஒரு கவர்.

"கிளம்புங்கடா. என் பொண்ணு வேலை பாக்கற ஊர்லேர்ந்து அந்த இடம் ஒரு ராத்திரிப் பயணம்தானாம். மூணு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டா."

"எதுக்கு, இன்னும் யாராவது எல்லை தாண்டறானான்னு பாக்கவா?" என்றேன்.

"சும்மா இரு பீப்பி. மூக்குத்தி இருக்க மாட்டா, அது எனக்குத் தெரியாதா? ஆனா அவ குட்டி போட்டிருப்பா. குட்டிக்குக் குட்டி இருக்கும். எதாவது ஒண்ணு மூக்குல அந்தப் புள்ளி இல்லாமலா போயிடும்? ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு வந்துடறேன். பண்ணை எதுன்னு லாடத்துக்குத்தான் தெரியும். அதனால நீ வராம முடியாது, லாடம்."

லாடம் எழுந்திருக்கவில்லை. குழாயைப் பார்க்கப் போகவில்லை. டீ கிளாசை மேஜையில் வைத்தான்.

"பண்ணை இல்லடா."

"என்னது?"

"ஓடையும் இல்ல. நான் சொன்னது பொய். அவளை நான்தான் சுட்டேன்."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

லாடம் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். குதிரையின் குளம்பு நம் நகம் மாதிரி. வெளிப்பக்கம் அடித்தால் வலிக்காது, உள்ளே சதை. ஆணி ஒரு நூல் உள்ளே திரும்பினாலும் சதையில் ஏறிவிடும். சீட்டி கிளம்பிய அன்று, அவன் கேட்ட புது லாடத்தைக் கட்டும்போது, ஒரு ஆணி அப்படி ஏறியது. உடனே பிடுங்கினான். நுனியில் ரத்தம். மருந்து வைத்துக் கட்டினான். ஒரு வாரத்தில் ஆறிவிடுகிற காயம். ஆனால் இரண்டாம் நாளே குதிரை டாக்டர் கடைசிப் பரிசோதனைக்கு வந்துவிட்டார். மூக்குத்தி நொண்டினாள். நொண்டுகிற குதிரையை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு. வைத்திருந்து ஆற்றிக் கொடுக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. சுடுகிற பட்டியலில் எழுதிவிட்டார்.

"காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். என் தப்பு சார், ஆணி தப்பா ஏறிடுச்சு, ஒரு வாரம் குடுங்கன்னு. கையெழுத்துப் போட்டாச்சுன்னாரு. சுடறது என் வேலை. வேற ஒருத்தன் செய்யறேன்னான். நான் விடல. தெரியாத கையில போக வேணாம்னு நானே கூட்டிட்டுப் போனேன். நொண்டிக்கிட்டே வந்தா."

சீட்டி கையிலிருந்த கவரை மேஜையில் வைத்தான். பிறகு கேட்டான்: "உன் கை தப்பாதேடா. ரெண்டு வருஷத்துல ஒரு ஆணி தப்பினதில்லையே. எப்படித் தப்புச்சு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மத்தியானம் மூன்று மணி. முழங்காலுக்கு நடுவில் மடக்கிய கால். இழுத்த இழுப்பு. நான் லாயத்தின் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அவன் தலைக்கு மேல் பயந்துபோய் நின்ற முகத்தில் மிளகளவு வெள்ளைப் புள்ளி இருந்தது. கதை சொல்லும்போதெல்லாம் 'ஒரு குதிரை' என்றுதான் சொல்வேன். எந்தக் குதிரை என்பது சிரிப்புக்கு வேண்டியிருக்கவில்லை.

லாடம் என் பக்கம் திரும்பினால் போதும், முடிந்தது. அவன் திரும்பவில்லை.

"தப்பிடுச்சுடா. அவ்வளவுதான்" என்றான்.

"இத்தனை வருஷமா என் வாயாலேயே ஓடை ஓடைன்னு பேச வச்சியே" என்றான் சீட்டி. கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

சீட்டி டிக்கெட்டை ரத்து செய்தான். லாடத்தின் போனை எடுக்கவில்லை. என் போனை எடுத்தான், மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினான். முதல் ஞாயிறுகளில் லாடத்தின் மனைவி மூன்று கிளாஸ் டீ போட்டு இரண்டைக் கொண்டுவந்தாள். நான்கு மாதத்தில் லாடம் படுத்துவிட்டான். நெஞ்சில் நீர், இதயம் சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது.

ஒரு நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது கேட்டுவிட்டேன்.

"அந்த ஆணி. அது நான் ஊதினதுல தப்பினதுதானே?"

மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். "கண்டுபிடிச்சிட்டியா? உனக்கு மண்டையில ஏற இவ்வளவு வருஷமா?"

"அன்னிக்கே ஏன்டா சொல்லல?"

"சொன்னா உன்னை உள்ள வச்சிருப்பாங்க. ஊருக்குப் போற நேரத்துல எதுக்கு? காலைப் பிடிச்சிருந்தது நான். பிடி சரியா இருந்திருக்கணும்."

"நான் சீட்டிகிட்ட சொல்லிடறேன்."

"வேணாம். அவனுக்கு ஒருத்தன் போனது போதும். நீயும் போயிட்டா அவன் யாரோட டீ குடிப்பான்?" கொஞ்சம் கழித்து, "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு. அது போதும்" என்றான்.

வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான் அல்லவா? அந்தச் சொல்லை நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன் தெரியுமா! முழுகுகிறவன்கூடக் கட்டையை அப்படிப் பிடிக்க மாட்டான். வெளியே வரும்போது அவன் மனைவி வராந்தாவில் என்னை நிறுத்தினாள். "அண்ணா, நீங்க சொன்னா அவரு கேப்பாரு. கதவு திறக்கறப்பல்லாம் இவரு தலையைத் தூக்கிப் பாக்கறாரு. டாக்டர் நாள் கணக்குதான்னு சொல்லிட்டாங்க."

அன்று மாலையே சீட்டியின் வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. லிப்டைப் பற்றிப் பேசினோம். "லாடத்துக்கு ரொம்ப முடியல. ஒரு எட்டு வந்து பாரேன்" என்றேன். "அவன் பேரை எடுத்தா எழுந்து போயிடு" என்றான். நான் பேரையும் விட்டேன், எழுந்தும் போகவில்லை. அவன் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் திரும்பப் போனேன். அன்றைக்கு அவனே ஆரம்பித்தான். "சுட்டதுக்குக்கூட நான் கோவிச்சுக்கல, பீப்பி. உத்தரவு. ஆனா கவனம் இல்லாம ஆணி அடிச்சிருக்கான் பாரு, நான் அவ்வளவு சொல்லிட்டுப் போயும். அதைத்தான் என்னால தாங்க முடியல." நாக்கு நுனிவரை வந்தது. அவன் என் கிளாசில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினான். எனக்கு மிஞ்சப்போகிற ஒரே சிநேகிதன் எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் மறுபடி பிஸ்கட் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று பயம்.

சீட்டி கத்துவான், அடிப்பான் என்று நினைத்தேன். "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டான்.

"முன்னங்கால். இடது."

"அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்ப? நான் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிச்சேனே. அவனும் என்கூட உக்காந்து சிரிச்சானே." முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு செருப்பைத் தேடினான். வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டே படியிறங்கினான். பஸ்ஸில் ஒவ்வொரு சிக்னலிலும் எழுந்து நின்று, டிரைவரின் தோளுக்கு மேலே எட்டி ரோட்டைப் பார்த்தான்.

ஜன்னலோரக் கட்டிலில் மெத்தையை மடித்துப் போட்டு, ஒரு அம்மா இரும்புக் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "உறவுக்காரங்களா? விடியறதுக்கு முன்னாடியே ஆயிடுச்சே" என்றாள். வராந்தாக் கோடியில் லாடத்தின் மனைவி மடியில் அவன் சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீட்டியைப் பார்த்ததும் எழுந்தாள். "நேத்து முழுக்கக் கதவையே பாத்துக்கிட்டிருந்தாரு" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

சீட்டி என்னைப் பார்த்தான். "நேத்து வந்தியே. என் வீட்ல உக்காந்து டீ குடிச்சியே. நேத்தே சொல்லியிருக்கலாமேடா."

லாடம் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்குக் குறுக்கே நின்றது சீட்டியின் கோபம் இல்லை. நான்.

பதினைந்து நாள் கழித்து லாடத்தின் மனைவி கூப்பிட்டனுப்பினாள். டெப்போவில் அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வைத்திருந்தாள். "பொண்ணுங்க படத்தைத்தான் தரையில வச்சேன். இவரையும் தரையில வைக்க மனசு வரல அண்ணா" என்றாள். சீட்டி எனக்கு முன்பே வந்திருந்தான். பக்கத்து வீட்டில் சுத்தியலும் ஆணியும் வாங்கி வைத்திருந்தான்.

படத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவன் சுவரில் ஓர் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், பென்சிலால் புள்ளி வைத்தான். ஆணியை அந்தப் புள்ளியில் நிறுத்தி, சுத்தியலை ஓங்கினவன், அடிக்காமல் என் பக்கம் திரும்பினான்.

"சத்தம் போடாம நில்லு" என்றான்.

நின்றேன்.